முன்னால் போகும் லாரியை நம்பலாமா? – வாசகர் கேள்வி பதில்

வாகனம் ஓட்டுவது குறித்த ஐயங்களை எழுதி அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். பலருக்கும் பொதுவாக இருந்த கேள்விகளைத் தேர்ந்து இங்கே தருகிறோம். பதில் எழுதுபவர் 26 ஆண்டுகள் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். பணி ஓய்வுக்குப் பின் புதிய ஓட்டுநர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறார்.

கேள்வி: நான் 14 ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். சாலை விதியை மீறியதே இல்லை. சென்ற மாதம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது பின்னால் வந்த வேன் என் காரை இடித்துவிட்டது. என்மேல் தவறே இல்லாதபோது நான் என்ன செய்திருக்க முடியும்? ‘தற்காப்பு ஓட்டுமுறை’ என்கிறார்களே, அது இந்த மாதிரி இடத்தில் உதவுமா?
– வாசகர், பெரம்பலூர்

பதில்: தவறு வேனை ஓட்டியவருடையதுதான், அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் ‘யார் தவறு’ என்ற கேள்வி இடிபட்ட பிறகு காவல் நிலையத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்கப்படுவது. ‘இடிபடாமல் இருக்க என்ன வழி’ என்பது அதற்கு முன்பே, ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும்போதே, நமக்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய கேள்வி. தற்காப்பு ஓட்டுமுறை என்பது இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. அமெரிக்காவில் ஹரால்ட் ஸ்மித் என்பவர் 1952-இல் இதை ஒரு பயிற்சி முறையாக வகுத்தார். தொலைவில் பார், சுற்றிலும் நடப்பதைக் கவனி, கண்ணை ஓரிடத்தில் நிறுத்தாதே, தப்பிச் செல்ல ஓர் இடம் வைத்திரு, நீ இருப்பதைப் பிறர் பார்த்துவிட்டார்களா என்று உறுதி செய் என்னும் அவருடைய ஐந்து பாடங்கள் இன்றும் உலகெங்கும் லாரி, பேருந்து ஓட்டுநர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன.

உங்கள் இடத்துக்கு வருவோம். சிவப்பு விளக்கைத் தொலைவிலேயே பார்த்து, காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்து, பிரேக்கை முதலில் லேசாக இரண்டு முறை தொட்டிருந்தால், பின்னால் வருபவருக்கு உங்கள் பிரேக் விளக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். நிற்கும்போது முன்வண்டியின் பின்சக்கரங்கள் தரையைத் தொடும் இடம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இடம் விட்டு நிற்க வேண்டும். அதன்பின் உடனே கைப்பேசியைப் பார்க்காமல், முதல் கியரிலேயே இருந்துகொண்டு, பின்னால் ஒரு வண்டி வந்து முழுமையாக நிற்கும் வரை கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேன் நிற்கப்போவதில்லை என்று தெரிந்தால், முன்னால் விட்டுவைத்த அந்த இடத்துக்குள் நகரவோ இடப்பக்கம் ஒதுங்கவோ உங்களுக்கு ஒரு விநாடி கிடைத்திருக்கும். எல்லா நேரமும் அது போதாமல் போகலாம். ஆனாலும் முன்வண்டியோடு ஒட்டி நின்றிருந்தால் அந்த ஒரு விநாடியும் இருந்திருக்காது.

கேள்வி: முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இடைவெளி விடச் சொல்கிறீர்கள். சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் இடைவெளி விட்டால் உடனே வேறொரு கார் நடுவில் புகுந்துவிடுகிறது. மறுபடியும் விட்டால் மறுபடியும் ஒருவர் புகுகிறார். இது நடைமுறைக்கு ஒத்துவருமா?
– வாசகி, செங்கல்பட்டு

பதில்: பயிற்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், அம்மா. இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. முன்னால் ஏதோ நடக்கிறது என்று கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போவதற்குள் சாதாரணமாக ஒன்றரை விநாடி ஆகிவிடும். அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 33 மீட்டர் போயிருப்போம். நல்ல டயரும் காய்ந்த சாலையும் இருந்தால் அதன்பின் வண்டி நிற்க ஏறத்தாழ 35 மீட்டர் வேண்டும். ஆக, 80 கி.மீ. வேகத்துக்கு 70 மீட்டர் அளவில் இடம் தேவைப்படுகிறது. இதே கணக்கில் 60 கி.மீ. வேகத்துக்கு 45 மீட்டர் போதும், 100 கி.மீ. வேகத்துக்கோ ஏறத்தாழ 97 மீட்டர் ஆகிவிடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பது பள்ளியில் படித்த இயற்பியல்தான். ஓட்டும்போது அது நம் நினைவுக்கு வருவதில்லை.

ஓடும் வண்டியில் யாரும் மீட்டரை அளந்துகொண்டிருக்க முடியாது. அதனால் விநாடியை அளக்கிறோம். முன்வண்டி ஒரு மைல்கல்லையோ மேம்பாலத்தின் நிழலையோ கடக்கும்போது ‘ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்து மூன்று’ என்று நிதானமாக மனத்துக்குள் சொல்லுங்கள். மூன்றாவதைச் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்த இடத்தை அடைந்துவிட்டால் நெருங்கிப் போகிறீர்கள் என்று பொருள். இரவில் நான்கு வரையும், மழையில் ஐந்து வரையும் சொல்லுமளவுக்குப் பின்தங்குங்கள். முன்னே போவது லாரி என்றால், அது மறைக்கும் சாலையைப் பார்ப்பதற்காகவே இன்னும் சற்று விலகி இருங்கள்.

இப்போது நடுவில் புகும் காரைப் பற்றி. ஒரு கார் புகுந்தால், இடைவெளியை மறுபடியும் உண்டாக்கிக்கொள்ள உங்களுக்கு ஆகும் இழப்பு மூன்று விநாடி. செங்கல்பட்டிலிருந்து திண்டிவனம் போவதற்குள் 20 பேர் புகுந்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும் மொத்த இழப்பு ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்க மனம் வராததால்தான் நாம் முட்டுவது போல் ஒட்டிக்கொண்டு போகிறோம். புகுந்தவர்மேல் கோபம் வருவது இயல்பு, எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் பேருந்தில் 50 பேர் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் கோபத்தைப் பிரேக்கிலும் ஹாரனிலும் காட்டும் உரிமை எனக்கு இல்லை என்று பழகிக்கொண்டேன். காரில் இருப்பவர்கள் நான்கு பேர்தான் என்பதால் அந்த உரிமை வந்துவிடுவதில்லை.

கேள்வி: இருவழிச் சாலையில் லாரியைக் கடக்கும்போது, லாரிக்காரர் வலது இண்டிகேட்டர் போட்டு ‘வரலாம்’ என்கிறார். சில நேரம் அதே வலது இண்டிகேட்டரை ‘வராதே’ என்பதற்கும் போடுகிறார்கள். எதை நம்புவது?
– வாசகர், அரியலூர்

பதில்: இரண்டையும் நம்பாதீர்கள். அந்த ஒரே விளக்குக்கு மூன்றாவது பொருளும் உண்டு. சட்டம் ஏற்றுக்கொள்வது அந்த ஒன்றைத்தான். லாரி உண்மையிலேயே வலப்பக்கம் திரும்பி, ஊருக்குள் போகும் சாலைக்கோ பெட்ரோல் பங்குக்கோ போகப்போகிறது என்பதே அந்தப் பொருள். ‘வழி விடுகிறார்’ என்று எண்ணி வலப்பக்கம் ஏறிய காரின்மேல் அதே நேரத்தில் லாரி திரும்புவதால் நேரும் விபத்து, நம் மாவட்டச் சாலைகளில் ஓட்டுநர்கள் எல்லோரும் அறிந்தது. எதிரே வரும் வண்டி ஹெட்லைட்டை அடித்துக் காட்டுவதும் இப்படித்தான். ‘நீ வா’ என்று அவர் சொல்வதாக நாம் நினைப்போம். ‘நான் நிற்கமாட்டேன், நீ ஒதுங்கு’ என்பது அவர் சொன்னதாக இருக்கும்.

உதவி செய்யும் எண்ணத்தோடு சைகை காட்டும் லாரி ஓட்டுநர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களில் பெரும்பாலோர் நம்மைவிடச் சாலையை நன்றாக அறிந்தவர்கள். ஆனால் உங்கள் கார் எவ்வளவு விரைவாக வேகமெடுக்கும் என்பது அவருக்குத் தெரியாது. ஒரு கணக்குப் பாருங்கள். லாரி 60 கி.மீ. வேகத்தில் போகிறது, நீங்கள் 80-இல் கடக்கிறீர்கள். பின்னால் 20 மீட்டரில் விலகத் தொடங்கி, லாரியின் நீளத்தைத் தாண்டி, முன்னால் 20 மீட்டர் இடம் விட்டு மறுபடியும் இடப்பக்கம் சேர ஏறத்தாழ 10 விநாடி ஆகும். அந்த 10 விநாடியில் நீங்கள் 220 மீட்டர் போகிறீர்கள். எதிரே 80-இல் வருகிறவரும் 220 மீட்டர் வருகிறார். ஆக, ஏறத்தாழ அரை கிலோமீட்டர் தூரத்துக்கு எதிர்ச்சாலை வெறுமையாக இருப்பது உங்கள் கண்ணுக்கே தெரிய வேண்டும். வளைவிலும், மேடேறும் இடத்திலும், குறுகிய பாலத்திலும், சாலைச் சந்திப்பிலும் இந்த அரை கிலோமீட்டர் தெரியாது என்பதால்தான் அங்கெல்லாம் முந்தக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள்.

லாரியின் வாலை ஒட்டிக்கொண்டு அடிக்கடி வலப்பக்கம் தலைநீட்டிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். நன்கு பின்தங்கி நின்றால் லாரியின் இரு பக்கமும் சாலை விரிந்து தெரியும். ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் அவர் முகமும் தெரியும். அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் உங்கள் வண்டி அவருக்குத் தெரியவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஒருவர் முந்திவிட்டார் என்பதற்காக அவர் பின்னாலேயே போகாதீர்கள். அவர் பார்த்தது அவருக்கு மட்டும் போதுமான இடத்தை.

கேள்வி: பலத்த மழையில் நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாக எரியவிட்டு ஓட்டுவது சரியா?
– வாசகர், கடலூர்

பதில்: சரியில்லை. அந்த விளக்கு, வண்டி பழுதாகி நிற்கிறது என்பதைச் சொல்வதற்கு. ஓடும்போது அதைப் போட்டால், நீங்கள் தடம் மாறுவதையும் திரும்புவதையும் காட்ட வழியில்லாமல் போகிறது. டிம் வெளிச்சத்தில் ஹெட்லைட்டைப் போட்டு, வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். கண்ணே தெரியாத அளவுக்கு மழை கொட்டினால் சாலையை விட்டு முழுதாக இறங்கி நிறுத்திய பிறகு நான்கையும் எரியவிடலாம். மழைக்காலத்துக்கு முன் டயரையும் பாருங்கள். காரின் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. அளவுக்குத் தேய்ந்துவிட்டால் சட்டப்படியே அது மாற்ற வேண்டிய டயர்.

கேள்வி: என் மகள் கோவையில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அவிநாசி சாலையில் தினமும் போக வேண்டும். ‘பார்த்துப் போ’ என்பதற்கு மேல் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.
– தாய், ஈரோடு மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 75,000 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அதே ஆண்டில் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,000 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. மகளிடம் பேசும்போது அச்சத்தைவிடக் காரணங்களைச் சொன்னால் அவள் கேட்பாள்.

முதலில், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, அவள் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஹெல்மெட்டை வாங்கிக் கொடுத்து, தாடைப் பட்டையை மாட்டச் சொல்லுங்கள். பட்டை மாட்டாத ஹெல்மெட் கீழே விழும்போது தலைக்கு முன்பே கழன்று போய்விடும். துப்பட்டாவின் இரு முனைகளையும் முடிந்து, சக்கரத்தின் பக்கம் தொங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்து, பேருந்து ஓட்டியவன் என்ற முறையில் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு. பேருந்துக்கும் லாரிக்கும் இடப்பக்கம் கிடைக்கும் சந்தில் அவள் ஒருபோதும் நுழையக் கூடாது. எங்கள் இருக்கையிலிருந்து பார்த்தால் முன்படிக்கட்டை ஒட்டிய இடத்தில் ஒரு ஸ்கூட்டர் முழுவதுமே மறைந்துவிடும். மேலும், நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் வழியில் வராது. அதைவிட உள்வாங்கி, சாலையோரத்தை ஒட்டி வரும். முன்பகுதி விலகிப் போவதைப் பார்த்து ‘இடம் கிடைத்துவிட்டது’ என்று நுழைபவரை அந்தப் பின்சக்கரம் நெருக்கிவிடும். சிக்னலில் நிற்கும்போது பேருந்துக்கு நன்றாக முன்னாலோ நன்றாகப் பின்னாலோ நிற்கட்டும், பக்கத்தில் வேண்டாம்.

பிரேக்கை முன்னும் பின்னும் சேர்த்துப் பிடிக்கப் பழக்குங்கள். முன்பிரேக் பிடித்தால் குப்புற விழுந்துவிடுவோம் என்று பலர் பின்பிரேக்கை மட்டும் பிடிக்கிறார்கள். வண்டி நிற்கும்போது எடை முன்சக்கரத்துக்குப் போவதால் நிறுத்தும் வலிமையில் பெரும்பகுதி முன்பிரேக்கில்தான் இருக்கிறது. வண்டி நேராக இருக்கும்போது, சட்டென்று இழுக்காமல், படிப்படியாக அழுத்த வேண்டும். சாலையோர மணலிலும் வளைவிலும் மட்டும் முன்பிரேக்கில் மென்மை வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறுமையான மைதானத்தில் ஒரு மணி நேரம் இதை மட்டும் பழகச் சொல்லுங்கள்.

நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டிப் போகும்போது ஒரு கதவு திறக்கும் அகலத்துக்கு விலகிப் போக வேண்டும். காரில் போகும் வாசகர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கும்போது கதவை வலக்கையால் திறக்காமல் இடக்கையால் திறந்து பாருங்கள். உடல் தானாகவே பின்னால் திரும்பும். வருகிற ஸ்கூட்டர் கண்ணில் படும்.

கேள்வி: மலைப்பாதையில் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று என் மைத்துனர் சொல்கிறார். ஏற்காட்டுக்குக் குடும்பத்தோடு போகிறோம். அப்படிச் செய்யலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: உயிரே போவதாக இருந்தாலும் அப்படிச் செய்யாதீர்கள். கியரில் இருக்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கிறது. நியூட்ரலில் போட்டால் முழுச் சுமையும் பிரேக்கின்மேல் விழுகிறது. தொடர்ந்து அழுத்தப்படும் பிரேக் சூடேறி, பிடிமானம் குறைந்து, ஒரு கட்டத்தில் பெடல் அழுந்தியும் வண்டி நிற்காது. தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில் சுமை லாரிகள் கட்டுப்பாட்டை இழந்து முன்னால் போகும் வண்டிகளின்மேல் மோதும் விபத்துகளைப் பலமுறை செய்தியில் படித்திருப்பீர்கள். அங்கே கியரைக் குறைத்துச் செல்லும்படி மீண்டும் மீண்டும் எச்சரிப்பதற்குக் காரணம் இதுதான்.

பெட்ரோல் மிச்சமாகும் என்பதும் இன்றைய கார்களுக்குப் பொருந்தாது. கியரில் இருந்துகொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால், ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் உள்ள எஞ்சினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கச் சிறிது எரிந்துகொண்டே இருக்கும். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில், அல்லது அதற்கும் கீழான கியரில், இறங்குங்கள். ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டால் வளைவுக்குள் பிரேக் பிடிக்க வேண்டியிருக்காது. குறுகலான இடத்தில் மேலேறி வரும் வண்டிக்கே முதல் உரிமை என்பதால் நீங்கள் நின்று வழி விடுங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு எஞ்சினின் பிடிமானம் மிகக் குறைவு. அவர்கள் இடையிடையே நிறுத்திப் பிரேக்கை ஆறவிட்டு இறங்க வேண்டும்.

கேள்வி: சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். பொங்கலுக்கு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து இரவு 9 மணிக்குக் கிளம்பினால் விடியும்போது திருநெல்வேலி போய்விடலாம். கடந்த இரண்டு ஆண்டுகளும் அப்படித்தான் போனேன். இதில் தவறு உண்டா?
– வாசகர், சென்னை

பதில்: 600 கி.மீ.க்கு மேற்பட்ட தூரம், தம்பி. நாள் முழுவதும் வேலை செய்த உடலோடு அதை ஒரே ஆளாக ஓட்டுகிறீர்கள். இரண்டு ஆண்டுகள் ஒன்றும் நேரவில்லை என்பதை வைத்து மூன்றாவது ஆண்டை முடிவு செய்ய வேண்டாம். பின்னிரவு 2 மணியிலிருந்து 5 மணி வரை உடல் தானாகவே உறக்கத்தை நாடும். நமக்குத் தெரியாமலே மூன்று நான்கு விநாடி கண் செருகும். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் நான்கு விநாடி என்பது 100 மீட்டர் தூரம். பாட்டைச் சத்தமாக வைப்பதும் கண்ணாடியை இறக்கிவிடுவதும் சிறிது நேரத்துக்கே உதவும்.

என் பணிக்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உளுந்தூர்பேட்டையைத் தாண்டி அதிகாலை 3 மணி அளவில் போய்க்கொண்டிருந்தேன். எனக்குக் களைப்பாகவே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்விளக்கே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. டிம் வெளிச்சம் 50 மீட்டர் அளவுக்குத்தான் எட்டும். நான் போன வேகத்தில் நிற்க அதைவிட அதிக தூரம் தேவை. நடத்துநர் கத்திய பிறகே பிரேக்கை அழுத்தினேன். வலப்பக்கம் ஒதுக்கியதால் கரும்புத் தோகை பேருந்தின் இடப்பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. டிராக்டர்மேல் உட்கார்ந்திருந்த பையன் திரும்பிப் பார்த்தது இன்றும் நினைவில் இருக்கிறது. விளக்கு இல்லாதது அவர்கள் தவறு. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் போனது என் தவறு. அன்றிலிருந்து, எதிரே வண்டி வந்து டிம் செய்ய வேண்டி வரும்போதெல்லாம் வேகத்தையும் சேர்த்தே குறைக்கிறேன்.

முடிந்தால் இரவு வீட்டிலேயே உறங்கி, காலை 4.30 மணிக்குக் கிளம்புங்கள். இரவிலேயே கிளம்பித்தான் ஆக வேண்டும் என்றால், ஓட்டத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் சென்று இருவரும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஓட்டாதவர் பின்னிருக்கையில் உறங்கினாலும் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே உறங்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும். கொட்டாவி தொடர்ந்து வந்தாலோ, கடந்து வந்த கடைசி ஊரின் பெயர் நினைவுக்கு வராவிட்டாலோ, அடுத்த சுங்கச்சாவடியில் அல்லது வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்கில் நிறுத்திவிடுங்கள். நெடுஞ்சாலையின் ஓரத்தில் நிறுத்த வேண்டாம். நின்ற வண்டியின்மேல் மோதும் விபத்துகளும் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன. நிறுத்தியதும் ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் கண் மூடுங்கள். காபி உடலில் வேலை செய்யத் தொடங்க ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும் என்பதால், எழும்போது உறங்கிய பலனும் காபியின் பலனும் சேர்ந்து கிடைக்கும். எழுந்த பிறகும் கண் எரிந்தால் இன்னும் ஒரு மணி நேரம் உறங்குங்கள். இந்த முறை கிளம்பும்போதே அம்மாவிடம் ‘விடியும்போது வந்துவிடுவேன்’ என்று சொல்லாமல், ‘மதியச் சாப்பாட்டுக்கு வருவேன்’ என்று சொல்லிவிடுங்கள்.